கடைசிச் சொட்டு வரை

டைலரக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். ஆனால் அவளிடம் இப்போது தையல் மிஷின் இல்லை. அதையும் கழுத்துச் சங்கிலியையும் விற்று, கன்று போட்டு ஒரு நாள்கூட ஆகாத கறவை மாட்டை வாங்கி வந்துவிட்டாள். ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கும் புருஷன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"மிஷின் கெட்டுப்போனா ரிப்பேர் பண்ணலாம். இது மூச்சு விடற ஜீவன். ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு எதை வெச்சுச் சாப்பிடறது?"

அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் ரோஷக்காரி, காட்டிக்கொள்வாளா? கொடுத்த விலைக்கு மாடு தேறும் என்று அவருக்குக் காட்டியே ஆகவேண்டும். அன்று சாயங்காலமே மடியை ஒட்டக் கறந்து, நுரை பொங்கிய வாளியை அவர் கண்ணில் படும்படி வாசலில் வைத்தாள். மறுநாள் காலையிலும் காம்பைப் பிழிந்து பிழிந்து எடுத்தாள். கன்றுக்குக்கூடப் பாட்டிலில் அளந்துதான் ஊற்றினாள்.

மத்தியானம் கொட்டகைக்குப் போனவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. உலுக்கினாள், வாலை முறுக்கினாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அது அசையவில்லை. உள்ளே தூங்கும் புருஷனை எழுப்பப் பயந்து, சத்தமில்லாமல் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் வந்ததும் மாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாலை முழுசா கறந்தீங்களாம்மா?" என்றார்.

"ஒரு சொட்டு விடல சார்."

அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. கன்று போட்ட புதிதில் மாட்டின் சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் இறங்கிவிடும், மடியில் மிச்சம் வைக்காமல் உறிஞ்சினால் எழுந்து நிற்க வலு ஏது என்று அவர் விளக்கினார். மாட்டைப் படுக்க வைத்தது தன் கைதான் என்று அவளுக்குப் புரிந்தது.

கழுத்து நரம்பில் ஊசியைக் குத்திவிட்டு, டியூப் மாட்டிய சுண்ணாம்புச் சத்து மருந்துப் பாட்டிலை அவளிடமே கொடுத்தார்.

"உயரத் தூக்கினா வேகமா இறங்கும். வேகமா இறங்கினா இதயம் நின்னுடும். இதே உயரத்துல பிடிங்க."

அவர் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குனிந்துகொண்டார். பாட்டிலில் குமிழி ஏறுவதைப் பார்த்தபடி நின்றாள். கை கடுத்தது, பாட்டில் தாழத் தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்கள். புருஷன். எப்போது எழுந்து வந்தாரோ.

மருந்து தீரும் சமயம் மாட்டின் தோல் சிலிர்த்தது. ஏப்பம் விட்டது, சாணி போட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்தது. மறுபடியும் விழ வாய்ப்பிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

சாயங்காலம் கொஞ்சம் கறந்ததுமே அவள் கையை எடுத்துவிட்டாள். புருஷன் வாளியை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு, விட்டுட்டேன். உங்களுக்குக் காட்டணும்னுதான் நேத்து ஒட்டக் கறந்தேன். எனக்கு அவ்வளவு பயம்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு மட்டுமென்ன? பயத்துலதானே கத்தினேன்" என்றார் அவர்.

மாடு கால் மாற்றி நின்றது. இரண்டு பேரும் பதறிப்போய் ஒரே நேரத்தில் அதன் கழுத்தைப் பிடித்தார்கள்.