முதல் போணி யாருக்கு?

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போனவள் நான். மேலகரத்தில் வீட்டிலிருந்தே இணையக் கடைகள் அமைத்துத் தருகிறேன். என்னோடு படித்த சபீனா குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் விற்கிறாள். அவளுக்கும் ஓர் இணையக் கடை அமைத்து, வெளிநாட்டவர் கிரிப்டோ என்னும் இணைய நாணயத்தில் பணம் செலுத்தும்போது, அது போய்ச் சேர வேண்டிய அவளுடைய வாலட் முகவரி தானாக நிரம்பும்படி செய்தேன். கடையைத் திறப்பதற்கு முன், துபாயில் இருக்கும் அவள் தம்பி ஒரு பாட்டில் வாங்கிப் பார்த்தான்.

“ஏட்டி, பணம் அனுப்பிட்டேன்னு சொல்லுதான். இங்கன ஒண்ணும் வரலியே!” என்றாள் சபீனா.

தேடினால், பணம் என் வாலட்டில் இருந்தது. சோதனைக்காகப் போட்ட என் முகவரியை மாற்ற மறந்திருக்கிறேன். கடை திறந்திருந்தால் திருடி என்று பெயர் வாங்கியிருப்பேன். உள்ளதைச் சொல்லிப் பணத்தை அவள் வாலட்டுக்கு அனுப்பினேன்.

“அப்போ மொத போணி ஒனக்குத்தானா?” என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் சோதனைப் பணம் அனுப்பி, கடைக்காரர் தன் கைப்பேசியைப் பார்த்து “வந்துட்டு” என்ற பிறகே கடையைத் திறக்கிறேன்.