வேலை இவனுக்கா, உங்களுக்கா?

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தருவது அக்காவின் பொறுப்பு. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் அக்காதான். "முடியாது" என்று துரத்திய முதலாளியின் கடையிலேயே மறுநாளும் போய் நிற்பார். அப்படி ஒரு பிடிவாதம். ஒரே ஒரு கோளாறு, வாய் சும்மா இருக்காது. அவர் வீட்டுக்காரரே, "பசிக்குதான்னு என்னைக் கேட்டுட்டு, பசிக்குதுன்னு அவளே பதிலும் சொல்லிடுவா" என்பார்.

அன்று ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு நானும் அக்காவும் ஒரு மோட்டார் பட்டறைக்கு நேர்காணலுக்குப் போயிருந்தோம். அவனுக்கு மோட்டார் கம்பி சுற்றக் கற்றுக்கொடுத்தவன் நான். கைவேலையில் அவன் கெட்டி. பேச்சுதான் திக்கித் திணறி வரும், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். இரண்டு பட்டறைகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. "இதுவும் இல்லேன்னா வீட்டோட கிடக்கட்டும், அவமானப்பட்டது போதும்" என்று அவன் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "மோட்டார் சூடாகுதுன்னு ஒருத்தர் தூக்கிட்டு வர்றார். முதல்ல என்ன செய்வ?"

"மு... மு..."

"மீட்டர் வச்சுப் பார்ப்பான் சார்!" என்றார் அக்கா.

முதலாளி முகத்தைச் சுளித்தார். "வேலை இவனுக்கா, உங்களுக்காம்மா?"

அட, அப்போதாவது வாயை மூட வேண்டாமா? "பையன் கொஞ்சம் கூச்சப்படுவான் சார்" என்று மறுபடி ஆரம்பித்தார். கூச்சமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மேசையை ஓங்கித் தட்டினான். "அக்கா... வெ... வெளிய இருங்க."

அக்காவின் முகம் செத்துப்போனது. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். அவன் வாய் இழுத்துக்கொண்டது, நின்றது, மறுபடி இழுத்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் கை கதவுப்பிடிக்குப் போனது.

"தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்க்கா!"

"அவனால முடியலப்பா. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"அந்த ஒரு வார்த்தைதான் முன்னாடி ரெண்டு வேலையையும் கெடுத்துச்சு."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். உள்ளே அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

கடைசியில் முதலாளி வெளியே வந்தார். "முதல்ல மோட்டாரைத் தொடமாட்டானாம். எப்படி ஓட்டினீங்கன்னு கொண்டுவந்தவரைக் கேப்பானாம். சொல்லி முடிக்க நேரமாச்சு, ஆனா சொன்னது சரி. திங்கட்கிழமை வரட்டும். ஒரு நிபந்தனை இருக்கு."

"எதுவா இருந்தாலும் சரி சார்!"

"நிபந்தனை போட்டது நான் இல்லம்மா, அவன். அவனைப் பத்தி என்ன கேக்கணும்னாலும் அவனைத்தான் கேக்கணுமாம். உங்களுக்குப் போன் பண்ணக் கூடாதாம்."

அக்கா திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சந்தோஷமா, வேதனையா, இரண்டும்தான். அதற்குள் அவனும் வெளியே வந்து அவர் முன்னால் நின்றான்.

"அ... அக்... அ..."

அக்கா உதட்டைப் பல்லால் அழுத்திக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.