புருவத்துக்குள் இருந்த மச்சம்

கொலிஜில் படித்த இரண்டு வருடமும் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ் ஸ்ரூடியோவில் பகுதிநேரமாக வேலை செய்தேன். முன்பக்கத்தில் முதலாளி அண்ணை கடவுச்சீட்டுப் படம் எடுப்பார். பின்னறையில் கணினியில் படங்களைத் திருத்துவது என் வேலை. அதற்கு நானே ஒரு பட்டியல் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பதினொரு படிகள். தூசி, கீறல், பின்னணி, நிறம் என்று தொடங்கி, பரு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருமை, மூக்கின் அகலம் என்று போய், வாய்க்குக் கீழே இரட்டை நாடியில் முடியும். கலியாணப் படமானாலும் மரண அறிவித்தலானாலும், மூக்கு மெலிந்துவிட்டது என்று குறை சொல்லி எங்கள் ஆட்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு சீனப் பெண் வந்தார். அடுத்த பிளாசாவில் மருந்துக்கடையில் வேலை செய்பவர், முகம் தெரியும். அவருடைய அம்மா இறந்து மூன்று நாளாகியிருந்தது. சனிக்கிழமை இறுதிச் சடங்கு. பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்று தொலைபேசியைத் திறந்து காட்டினார். ஏதோ பிறந்தநாள் விருந்தில் எடுத்த படம். சிவப்பு ஸ்வெற்றர், பின்னால் சாப்பாட்டு மேசைகள், தோளில் யாருடையதோ கை.

"இதில் மட்டும்தான் அம்மா நேராகப் பார்க்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். "பின்னணியை மாற்றுங்கள். அந்தக் கையை எடுத்துவிடுங்கள். முகத்தைத் தொட வேண்டாம்."

ஓடர் துண்டில் அளவை எழுதினேன், பின்னணி எழுதினேன், கை எழுதினேன், வெள்ளி ஐந்து மணி என்று எழுதினேன். கடைசியாகச் சொன்னதை எழுதவில்லை. எங்கள் ஆட்களும் அதைத்தான் சொல்வார்கள். "சும்மா இயல்பா விடுங்கோ பிள்ளை" என்பார்கள். திருத்திய முகத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதை ஒரு கட்டளையாகக் கேட்கும் பழக்கமே எனக்குப் போய்விட்டிருந்தது. பதினொரு படியையும் செய்தேன். நல்ல வேலை செய்ததாக நினைத்தேன். துக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சற்று அழகான அம்மாவைக் கொடுக்கிறேன் என்றும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது படத்தைப் பிறேம் போட்டு, மண்ணிறத் தாளில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

"இங்கே பார்த்தால் அழுதுவிடுவேன்" என்று சொல்லி, அப்படியே அணைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை திரும்பி வந்தார். அதே தாளில் சுற்றிய படத்தை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

"என் சின்னம்மா வன்கூவரிலிருந்து வந்தார்" என்றார். "அம்மாவின் ஒரே தங்கை. எண்பத்தொரு வயது. பெட்டி மூடியிருந்தது. எல்லாரும் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்து வணங்கினோம். சின்னம்மா வணங்கவில்லை. இது யார், என் அக்கா எங்கே என்று கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்குக் கொஞ்சம் மறதி உண்டு. அதுதான் என்று நினைத்து ஒரு கதிரையில் இருத்தினோம். பிறகுதான் நான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன்."

தொலைபேசியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். அவர்களுடைய முகசாத்திரத்தில், மூக்கின் நுனி உருண்டு சதைப்பிடிப்பாக இருந்தால், துவாரம் வெளியே தெரியாவிட்டால், வந்த காசு போகாதாம். உருண்ட நாடி முதுமையின் வசதிக்காம். இடது புருவ மயிருக்குள் ஒளிந்திருந்த மச்சம் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ஷ்டமாம். அம்மா பிறந்தபோதே இவள் பணக்காரியாவாள் என்று முகம் பார்க்கத் தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். என் பட்டியலில் மச்சம் ஆறாவது, மூக்கு எட்டாவது, நாடி பதினொன்றாவது.

"பணக்காரியானாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முப்பது வருடம் ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் பன் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, என் மூக்கைப் பார், காசு வந்துகொண்டிருக்கிறது, பஸ்தான் பிந்திவிட்டது என்பார். சின்னம்மாவின் மூக்கு சப்பை. உன் முகத்தில் ஒரு சதமும் நிற்காது என்று அம்மா வாழ்நாள் முழுக்க அவரைக் கேலி செய்தார். சின்னம்மா படத்தில் அக்காவின் அந்த மூக்கைத்தான் தேடியிருக்கிறார்."

அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"முகத்தில கை வைக்க வேண்டாமெண்டு அவ சொன்னவவே?"

"ஓம் அண்ணை. சொன்னவ."

"பிறகேன் வைச்சனீ?"

"எங்கட ஆக்களும் அப்பிடித்தானே சொல்லுறவை…"

"எங்கட ஆக்கள் பொய் சொல்லுறவை. அவ உண்மையைச் சொன்னவ. உது கூடத் தெரியாமலோ இவ்வளவு நாளும் நிண்டனீ?"

அந்தப் பெண்ணைப் பின்னறையில் என் பக்கத்தில் இருத்தி, மூலப் படத்தைத் திறந்தேன். கையையும் மேசைகளையும் மட்டும் எடுத்தேன். மௌஸ் முகத்துக்குக் கிட்டப் போனபோதெல்லாம் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பதினைந்து நிமிட வேலை. முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் செலவழித்திருந்தேன்.

படம் அச்சாகும்போது அண்ணை சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "உவ சொல்லுறபடி பாத்தா எனக்கும் நல்ல மூக்குத்தான். பிறகேன் ஏழு நாளும் கடை திறக்கிறன்?" என்று முணுமுணுத்தார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

அந்தப் பெண் புதிய படத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, மூக்கு, நாடி, புருவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஓம், இவர்தான்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். சின்னம்மாவுக்கு அனுப்பச் சிறிதாக ஒன்று தர முடியுமா என்று கேட்டார். சின்னம்மா ஞாயிறே விமானம் ஏறிவிட்டார். இனி அவ்வளவு தூரம் வரமாட்டார்.

சிறிய படத்தை மட்டையின் நடுவில் வைத்து உறையில் போட்டேன். முகவரியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"சின்னம்மா தினமும் எனக்குப் போன் எடுக்கிறார்" என்றார். "சனிக்கிழமை வேறு யாரோ ஒருத்தியின் சடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனதாக நினைக்கிறார். அக்காவின் சடங்கு எப்போது, எந்த உடுப்பைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார்."

அதற்கு என்ன பதில் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. தபால் குறியீட்டின் எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டினேன். சரி என்றார்.