பிளஸ்டர் கப்பலின் பராக்கிரமம்

ஆல்பர்ட் கட்மோர் ஊறுகாய் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, ஒரு கால் குட்டையாக இருந்து ஆடும் மேசையை முழங்கையால் அழுத்திப் பிடித்தபடி, "முப்பது" என்கிறார். பகல் பன்னிரண்டரைக்கு ஹார்விச் துறைமுகத் தெருவின் இந்த பியர்க் கடைக்கு வருகிறவர்கள் எது முப்பது என்று கேட்பதில்லை. அவர் வேலை பார்த்த பிளஸ்டர் என்ற நாசகாரிப் போர்க்கப்பலின் வேகம் அது. மணிக்கு முப்பது கடல் மைல்.

அந்த முப்பதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. 1898 வெள்ளோட்டத்தில் கப்பலைக் கட்டியவர்கள் பீரங்கிகளை ஏற்றாமல், பொறுக்கி எடுத்த நிலக்கரியைப் போட்டு, சொந்த ஆட்களை வைத்து ஓட்டிக் காட்டிவிட்டுச் சான்றிதழோடு போய்விட்டார்கள். இரவல் நகை போட்டுப் பெண் காட்டிய கதைதான். கடற்படையின் கரியும் கட்மோரும் வந்து சேர்ந்த பிறகு அது இருபத்தாறைத் தாண்டவில்லை.

"கரி தள்ளுன நான் சொல்றேன், உனக்கென்ன தெரியும்?" என்பார். புருவத்தில் மயிரே கிடையாது, எல்லாம் உலை வாசலில் பொசுங்கியது. காது மந்தம். ஆனால் எதிர்க்கட்சி முணுமுணுப்பது மட்டும் துல்லியமாகக் கேட்கும்.

எதிர்க்கட்சி, ஜன்னலோரம் உட்காரும் பெர்ஸி கவ்லெட். அதே கப்பலில் மேல்தளத்தில் நின்று கடலைக் கண்காணித்தவர்.

பிளஸ்டரின் சேவை வரலாற்றைக் கட்மோர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நானும் படித்தேன். மூடுபனியில் தன்னோடு வந்த நம் கப்பல்களையே இரண்டு முறை இடித்திருக்கிறது, டோவரில் ஒரு துறைமேடையை. எதிரிக்குக் கிடைக்க வேண்டிய அடியெல்லாம் நம்மவர்களுக்கே கிடைத்திருக்கிறது. பழுது பார்த்த நாட்களைக் கூட்டினால் கடலில் இருந்த நாட்களை மிஞ்சிவிடும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வீரச்செயல். 1915 போரில் கவ்லெட் நீர்மூழ்கி என்று கத்த, கப்பல் முழுவேகத்தில் பாய்ந்து மோதியது. மோதியது, மீன்வலை கிடக்கும் இடத்தைக் காட்ட மிதக்கவிட்ட ஒரு கொடிக்கம்பில். வலை போய்க் கப்பலை அடியிலிருந்து தள்ளும் விசிறியில் சுற்றிக்கொண்டது. வலைக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, நாசகாரியைத் தன் பாய்மரப் படகில் கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தான்.

கட்மோரின் கதையில் நீர்மூழ்கி சுவடில்லாமல் மூழ்கிவிடும், வலை அப்புறம்தான் வரும். "நீர்மூழ்கியோட துண்டு இங்க இருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டுவார். காட்டமாட்டார். உடனே ஜன்னலோரத்திலிருந்து "கொடிக்கம்பு" என்று ஒரு குரல் வரும். ஒன்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத் தவிர இருவருக்குள்ளும் பேச்சில்லை.

இந்த வசந்தத்தில் மாலுமிகள் சங்கம் தேவாலயத்தில் நினைவுப் பலகை வைக்கப்போவதாகச் சொன்னது. செயலாளர் ஸ்ட்ரட், கடற்படையின் காகிதக் கிடங்கில் மை பாட்டில்களைக் காவல் காத்தவர். எதிரியை அழித்த கப்பலுக்குத்தான் பலகையில் இடம், அதன் கீழேதான் அதில் இறந்தவர்களின் பெயர் என்று விதி போட்டார். எவனையாவது கொன்றிருந்தால்தான் நம் வீட்டுச் சாவுக்கு மரியாதை. கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது.

கட்மோருக்கு வந்தது பயம், ஒரு பெயர் விட்டுப்போய்விடுமே என்று. பிளஸ்டரில் அவரோடு கரி தள்ளிய ஜெம் ஆப்லெட், சண்டையே இல்லாத 1904இல், நீராவிக் குழாய் வெடித்து வெந்து செத்தான். அன்றைக்குக் கட்மோரின் முறை. பல்வலி என்று சொல்லி ஆப்லெட்டைக் கீழே அனுப்பியிருந்தார். இதை அவர் மேசையில் சொன்னதில்லை. ஒருமுறை தெருவில் நடக்கும்போது என்னிடம் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரட் படிவத்தோடு வந்தார். கட்மோர் 'எதிரி நீர்மூழ்கி, ஒன்று' என்று எழுதி, கீழே ஆப்லெட்டின் பெயரையும் எழுதினார். கப்பலில் கூட இருந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஸ்ட்ரட். கடை முழுக்க ஜன்னலைப் பார்த்தது. கட்மோர் மட்டும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவ்லெட் கோப்பையோடு எழுந்து வந்து, படிவத்தை விரல் வைத்துப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

"ஜெம்மையும் எழுதியிருக்கியா?"

"அவனுக்காகத்தான்யா எழுதுறேன்."

கவ்லெட் ஸ்ட்ரட் பக்கம் திரும்பினார். "முதல்ல பாத்தவன் நான். இவன் சொல்றத விட ரெண்டு மடங்கு பெருசுங்க அது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்ட்ரட்டுக்குப் பரவசம். அந்தத் துண்டையும் பலகைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்றார். அது தொலைந்துபோய்விட்டது என்றார் கட்மோர்.

ஸ்ட்ரட் வெளியே போய்க் கதவு சாத்தும்வரை கட்மோர் காத்திருந்தார். பிறகு பையிலிருந்து எடுத்தார். தார் பூசிய ஒரு வலை மிதவைக் கட்டை, யாரோ மீனவனின் பெயரெழுத்து சூடு போட்டது. மேசைமேல் கவ்லெட் வைத்த கோப்பை சாயாமல் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் கட்டையை வைத்து, பூட்ஸால் இரண்டு உதை உதைத்து உள்ளே தள்ளினார்.