காரணம் கேட்டு ஒரு மனு

முதியவர்களைக் காலையில் கட்டிலிலிருந்து எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை என்னுடையது. அதில் பாதி ரோட்டில்தான் போகிறது. சுவிஸில் கூர் நகரிலிருந்து மேலே மலைக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிறேன். பொலிஸ் மறித்து, வேலைக்குப் பிந்திப்போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நாங்கள் ஒரே கட்சி.

முதுகில் ஆட்டுத்தலை

நான் முதலில் போகிற வீடு ஹெர் யென்னியுடையது (ஹெர் என்றால் இங்கே திரு). பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதற்கு முன் நாற்பது வருஷம் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு மலையெல்லாம் சுற்றியவர். ஏப்ரல் குளிரில் நான் நடுங்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, அலுமாரியில் தொங்கிய தன் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை எடுத்துப் போடச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், மனிதர் கேட்கவில்லை. சரி, இரவல் என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன். முதுகில் கூட்டத்தின் சின்னம்: கொம்பு வைத்த மலையாட்டின் மண்டையோடு.

வீட்டில் என் மனைவி மாலா என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆட்டுத்தலையை முதுகிலை காவிக்கொண்டோ கோயிலுக்கு வரப்போறியள்?”

தலையாட்டியதால் வந்த வினை

அதுவரை மாதத்துக்கு ஒருமுறை மறித்தவர்கள் இப்போது கிழமைக்கு ஒருமுறை மறிக்கத் தொடங்கினார்கள். ஹெல்மெட்டோடு நின்றால் ஜாக்கெட்டில் சந்தேகம். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகத்தில் சந்தேகம்.

ஒருநாள் காலை, மலைப்பாதை தொடங்குமிடத்தில் மீசை வைத்த பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, “இது உங்களுடைய வண்டியா?” என்றார். ஓம் என்பதற்கு நாங்கள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோமே, அப்படி ஆட்டினேன். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் பலருக்கும் போல, எனக்கும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்தான் பதிந்து கிடக்கிறது. “அப்படியானால் கந்தையா யார்?” என்றார். “என் அப்பா.” “அவர் எங்கே?” “செத்துப்போனார்.” செத்தவரின் வண்டியைக் களவெடுத்து ஓடுகிறவனாகிவிட்டேன். எல்லாம் தெளிய நாற்பது நிமிஷம் போயிற்று. பத்திரத்தைத் திருப்பித் தந்தவர் சொன்னார்: “இனிமேல் வாயால் சொல்லுங்கள். தலையைச் சும்மா விடுங்கள்.”

ஈரக் கட்டில்

சிரித்துவிட்டீர்கள்தானே? நானும் சிரித்துக்கொண்டுதான் மலையேறினேன். ஹெர் யென்னி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் வந்து தூக்கினால்தான் அவர் கழிப்பறைக்குப் போகலாம். டயப்பர் கட்ட மாட்டேன் என்பது அவருடைய வைராக்கியம். ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்று அடக்கிப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. படுக்கை முழுக்க ஈரம். மன்னிப்புக் கேட்டபடி துணிகளை உருவினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொலிஸ் மறித்த கதையைச் சொன்னதும்தான் திரும்பினார். என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டார். நான் கேட்கவில்லை என்றேன். ஊரில் சோதனைச் சாவடியில் காரணம் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வரும்? ஹெர் யென்னி பெருமூச்சு விட்டார். “என்னையும் நாற்பது வருஷம் இந்த ஜாக்கெட்டுக்காக மறித்தார்கள். நானும் கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு நனைந்து கிடக்கிறேன்.”

கையெழுத்து

அடுத்த கிழமை அவர் மாநிலச் சபைக்கு ஒரு மனு சொன்னார், நான் எழுதினேன். மோட்டார் சைக்கிளில் வருகிறவரை உடுப்பையோ நிறத்தையோ பார்த்து மறிக்கக்கூடாது, மறித்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும், இதைச் சட்டமாக்குங்கள் என்று. பழைய கூட்டாளிகள் வந்து கட்டிலடியில் நின்று கையெழுத்து வைத்தார்கள். என் முறை வந்தபோது கை ஓடவில்லை. மனுவில் வெளிநாட்டவரும் கையெழுத்து வைக்கலாமாம். ஆனால் என் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. பொலிஸைக் குறைசொல்லும் காகிதத்தில் என் பெயரைக் கண்டால் என்ன நினைப்பார்கள்?

மாலாவுக்கு போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பயமாத்தான் கிடக்கு. ஆனா அந்த மனுசன் நனைஞ்சு கிடந்ததை நீங்கள் சொன்ன நாளிலை இருந்து எனக்கு நித்திரையில்லை. வையுங்கோ.” வைத்தேன்.

அரை நிமிஷம்

சபையிலிருந்து பதில் வந்தது: மனு கவனத்தில் எடுக்கப்பட்டது. அவ்வளவுதான். ஹெர் யென்னி கடிதத்தை இடக்கையால் கசக்கிப் போட்டார்.

அடுத்த நாள் காலை அதே இடம், அதே மீசை. கை உயர்ந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, “என்ன காரணம்?” என்று கேட்டுவிட்டேன். மேலே ஒருவர் கழிப்பறைக்குப் போக என் வரவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்றும் சொன்னேன். அவர் ஜாக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கக் கதவைத் திறந்தேன். படுக்கை காய்ந்திருந்தது. தூக்கி நிறுத்தியபோது ஹெர் யென்னி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சட்டம் வரவில்லை. நீ வந்துவிட்டாய்.”

காரணம் கேட்க எனக்கு இந்த நாட்டில் இருபத்தாறு வருஷம் பிடித்தது. தன்னிடம் காரணம் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிக்க அந்தப் பொலிஸ்காரருக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.