யட்டவத்தைக்குக் கொண்டுபோன நிலா

போன மாதம் ஒரு புதன்கிழமை, உக்குவளையிலிருந்து யட்டவத்தைக்குப் போனேன். தங்கை கலா அங்கே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாகாணத்துக்கு இருப்பதுபோல் தங்கள் பாடசாலைக்கும் ஒரு சின்னம் வேண்டுமென்று அங்கே வரைந்து, கொடியாகத் தைக்க என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் மலை, மிளகுக்கொடி, மேலே சூரியன், சந்திரன். மூன்று வாரம் தைத்தேன். வெளியார் பார்க்கப்போகும் என் முதல் வேலை. பதினொரு மணிக்கு ஏற்றுவதாக ஏற்பாடு.

6.40க்கு பஸ். மாத்தளையில் மாறி, எட்டே காலுக்கு இறங்கினேன். இரண்டு டிக்கெட்டும் 130 ரூபாய். வழியெல்லாம் பனி. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து கரைந்தன. கொடியை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டேன்.

சந்தியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், த்ரீவீலுக்கு 200 ரூபாய். கலாவிடம் விரித்துக் காட்டியபோதுதான் பார்த்தேன்: சந்திரனைச் சுற்றி மஞ்சள் கறை. புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் வைப்பது வழக்கமல்லவா, விடியற்காலை சாமி படத்தின்முன் சந்திரன் இருந்த மூலையில் கை தானாக வைத்துவிட்டது. ஈரத்தோடு மடித்திருக்கிறேன்.

"சட்டைன்னு நெனச்சியாக்கா? அதிபர் சேர் அச்சடிச்ச கொடி ஒண்ணும் எடுத்து வச்சிருக்காரு. இதைப் பாத்தா அதைத்தான் ஏத்துவாரு" என்றாள் கலா.

பதறிப்போய் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மஞ்சள் ரத்தச் சிவப்பானது.

"கிரகணம் புடிச்சிருச்சி" என்றார் இன்னும் போகாமல் நின்ற த்ரீவீல்காரர் நசீர். "சவர்க்காரம் பட்டா அப்புடித்தான். தேசிக்காய் புழிஞ்சி அலசி வெயில்ல போடுங்க அக்கா."

அப்படியே எலுமிச்சை பிழிந்து அலசி, செடிவேலியில் விரித்தோம். வெயில் வந்தது, பனி மூடியது, மறுபடி வந்தது. கண்டி இராச்சியக் காலத்துக் கொடிகளிலும் சூரிய சந்திரர் உண்டு. அவர்கள் உள்ளவரை நாடும் நிலைக்கும் என்று அர்த்தம். இங்கே சூரியன் சந்திரனைத் துடைத்துக்கொண்டிருந்தான். முழுசாகப் போகட்டும் தாயே என்று முணுமுணுத்தபடி இருந்தேன். முழுசாகப் போகவில்லை.

பத்தரைக்கு பாடசாலை அதிபர் வந்து குனிந்து பார்த்தார். "இது என்ன?"

கலா, "நூல் சாயம், சேர்" என்றாள்.

"இல்ல சேர், மஞ்சள். நான்தான் வச்சேன்" என்றேன்.

அதிபர் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் பிஸ்மி சொல்லாம புது உடுப்பு உடுத்த மாட்டோம். இதையே ஏத்துங்க டீச்சர்" என்றார்.

போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள். மாத்தளைக்குத் திரும்ப பஸ்ஸுக்கு அரைமணி நேரமாவது நிற்கவேண்டியிருக்கும். மஞ்சள் வைத்தால் காயவிட்டு மடியுங்கள். கொடி மேலே போனதும் அந்தக் கறையை என் கண் தேடியது. உயரத்தில் தெரியவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.