ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

எங்கள் சபையில் யாரும் யாரிடமும் "முடியாது" என்று சொல்வதில்லை. அது அன்பில்லாத சொல். "ஜெபிச்சுட்டு சொல்றோம்" என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு, "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரம் பகுதி ஜெபக்குழுவுக்கு நான் செயலாளர். ஜெபிப்பதாகச் சொல்லி நான் ஆண்டவரிடம் கொண்டுபோகாத விண்ணப்பங்களைச் சேர்த்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும்.

குழு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகக் கூடும். ஆரம்பத்தில் டீயும் பிஸ்கட்டும்தான். ஒரு வங்கி அதிகாரி வீட்டில் கட்லெட் போட்டார்கள். அடுத்த வாரம் குரோம்பேட்டை டீச்சர் கட்லெட்டோடு கேசரியும் வைத்தார். ஒரே வருடத்தில் ஜெபம் முக்கால் மணி, உபசாரம் ஒன்றேகால் மணி என்று நிலைபெற்றது. என் வீட்டில் மட்டும் கூட்டம் நடந்ததே இல்லை. எந்த வாரம் யார் வீடு என்ற பட்டியல் என் கையில் இருந்தது.

குழுவில் ஒரு பெண்மணி இருந்தார். கணவர் இல்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடுகளுக்குப் பிசிறு தேய்க்கும் வேலை. முடிச்சூரில் ஷீட் போட்ட ஒற்றை அறை. எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் கடைசியில் தட்டுகளைக் கழுவுவது அவர்தான். அதை அவருடைய ஊழியம் என்று நாங்கள் மனமாரப் பாராட்டி, அவரிடமே விட்டுவைத்தோம்.

ஒருநாள் ஈரக்கையோடு வந்து கேட்டார். "அண்ணே, ஒரு வாட்டி என் வூட்ல வையுங்களேன். எல்லார் வூட்லயும் துன்னுகினே கீறேன். எனக்கு நாதியே இல்லன்னு அக்கம்பக்கத்துல நெனச்சிகினு கீறாங்க. என் வாசல்ல நாலு ஜோடி செருப்பு கெடக்கணும்ணே."

குழுத் தலைவியான ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். "பாவம்ப்பா, அவளுக்கு எதுக்கு சிரமம்? நமக்குத்தான் அன்பு இருக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அங்க நாற்காலி இருக்குமா?" என்றார். என் பங்குக்கு அந்த அன்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "ஜெபிச்சுட்டு சொல்றோம்மா."

அவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அடுத்த வெள்ளி, "அண்ணே, பதில் வந்துச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அதற்கடுத்த வாரம் காயின் பாக்ஸிலிருந்து வீட்டுக்கே போன் வந்தது. என் மனைவி எடுத்து, "இவருக்கா? ஆண்டவர்கிட்ட இருந்தா? எனக்குத் தெரிஞ்சு வரலையேம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. நாலாவது வாரம், "ஒபவாசம் இருந்து பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். அப்போது என் கையில் மூன்றாவது பஜ்ஜி இருந்தது.

ஆறாவது வாரம் தலைமையாசிரியை வீட்டில் கூட்டம். ஒருவர் முடிக்க அடுத்தவர் தொடங்கும் சங்கிலி ஜெபம். அந்தப் பெண்மணியின் முறை வந்தது.

"ஆண்டவரே, இந்த அண்ணன் ஆறு வாரமா உம்மாண்ட கேட்டுகினே கீறாரு. நீர் ஒண்ணுமே சொல்லல. அவரு மேல எதுனா கோவமா? இருந்தா மன்னிச்சுடும். என் வூடு சின்னதா இருந்தா அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? அவர இனிமே அலைய வுடாதேயும். ஆமென்."

பக்கத்தில் என் மனைவியின் தோள் குலுங்கியது. பரிசுத்த ஆவியின் அசைவு என்று சிலர் நினைத்திருக்கலாம். ஒருவர் ஜெபித்து முடித்தால் ஆமென் சொல்லாமலிருக்க எங்கள் சபையில் வழியில்லை. பதினாறு பேரும் சொன்னோம். தலைமையாசிரியை ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு வேறு போக்கிடமில்லை.

"பதில் வந்துடுச்சும்மா" என்றேன். "அடுத்த வெள்ளி உங்க வீடு."

அந்த அறையில் பதினாறு பேர் எப்படி அடங்கினோம் என்பது பொறியியல் அதிசயம். டீக்கடையில் இரவல் வாங்கிய ஒற்றை நாற்காலியில் தலைமையாசிரியை வீற்றிருந்தார். எங்கள் செருப்புகள் படியிலிருந்து வழிந்து பக்கத்து வீட்டு வாசல்வரை கிடந்தன. ஜெபிக்கும் நேரம்போக மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண்மணி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இட்லியும் நெத்திலிக் குழம்பும் வந்தன. தலைமையாசிரியை ஏழு இட்லி சாப்பிட்டார். சிரமம் யாருக்கு என்ற பேச்சு எழவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தட்டு போயிற்று. அப்போது என்னைக் காட்டி அவர்களிடம் அந்தப் பெண்மணி சாட்சி சொன்னார்: "இந்த அண்ணன்தான் எனக்காண்டி ஆறு வாரம் போராடி ஜெபிச்சாரு." அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். நெத்திலிக்கு முள் கிடையாது என்பார்கள். அன்று எனக்கு இருந்தது.

முடிந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டுகளைக் கழுவுவதற்காக எழுந்தேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க குந்துங்கண்ணே. ஆறு வாரமா ஜெபிச்சு களைச்சிருப்பீங்க."

"ஆமாம்மா, முட்டியே தேஞ்சுபோச்சு" என்றாள் என் மனைவி. "அடுத்த வெள்ளி எங்க வீடு. நீ வந்து உக்காந்து சாப்பிடு. தட்டு கழுவ அங்க ஆள் இருக்கு."

பட்டியல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து எழுதிக்கொண்டேன்.